ஏட்டில் ஏறாத உழைப்பு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். படிப்பு இருந்தும் தொழில் தெரியாதவனைக் குத்திக் காட்டச் சொன்ன வார்த்தை அது. தொழில் தெரிந்தும் அது ஏட்டில் ஏறாமல் போனவனின் கதி என்ன என்பதற்குப் பழமொழி எதுவும் நமக்குத் தெரியவில்லை. அந்தக் கதியைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத வேண்டியிருக்கிறது.

நம் பகுதித் தம்பி ஒருவர் கனடாவிலிருந்து நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம். தாராவியில் பிறந்தவர். தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். தம்பி ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு எலக்ட்ரீசியன் பயிற்சி முடித்து, இந்த நகரத்தின் கட்டடங்களில் பதினொரு ஆண்டுகள் ஒயரிங் வேலை பார்த்தவர். மனைவி செவிலியர். அந்த அம்மையாரின் படிப்பின் பலத்தில் குடும்பத்துக்கு ஒன்டாரியோ மாகாணத்தில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கிடைத்தது. நம் மன்றத்திலேயே மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி வழியனுப்பினோம். "கையில் தொழில் இருக்கிறது, தம்பி எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்" என்று அன்று மேடையில் முழங்கியவர்களில் இதை எழுதுகிறவனும் ஒருவன்.

அந்த முழக்கம் பாதிதான் உண்மை என்று கடிதம் சொல்கிறது. போன முதல் பதினான்கு மாதங்கள் அவர் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினார். இப்போது ஒரு கான்ட்ராக்டரிடம் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருக்கிறார். வயது முப்பத்தாறு. பள்ளி முடித்த கையோடு வந்த பையன்களோடு உட்கார்ந்து, தான் இங்கே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்த தொழிலை முதல் பாடத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார்.

குளிர் பழகிவிடும்

குளிர் தேசம் என்றதும் குளிர்தான் பெரிய துன்பமாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். துன்பம்தான், இல்லையென்று அவர் சொல்லவில்லை. சனவரி மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி இறங்குவது அங்கே செய்தியே அல்ல. சூடேற்றும் வசதி இன்னும் வராத புதுக் கட்டடத்துக்குள் நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டும். கம்பி சீவுவதற்குக் கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப் போகிறது; கழற்றாவிட்டால் திருகாணி கைக்கு அகப்படுவதில்லை. பி.வி.சி. குழாய் குளிரில் விறைத்து, தட்டினால் தெறிக்கிறது. டிரில்லின் பேட்டரியைக் கோட்டுக்குள் வைத்துக் கதகதப்பாகக் காப்பாற்றாவிட்டால் பாதி வேலையில் அது சோர்ந்துவிடுகிறது. "இரண்டாவது குளிர்காலத்தில் இதெல்லாம் பழகிவிட்டது, அண்ணாச்சி" என்று ஒரே வரியில் அதை முடித்துவிடுகிறார்.

தொழிலின் முறையும் வேறு. இங்கே செங்கல் சுவரில் காடி வெட்டி, குழாய் பதித்து, ஒயர் இழுத்துப் பூசுகிறோம். அங்கே வீடு மரச்சட்டத்தில் எழுகிறது. சட்டங்களில் துளையிட்டுக் கேபிளை நுழைத்துக்கொண்டு போக வேண்டும். மின் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல் கிடைத்த பிறகே அதன்மேல் பலகை அடிக்கலாம். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே வீட்டுக்கு வருவது 120-ம் 240-மாக, 60 ஹெர்ட்ஸ். இங்கே மின்கசிவைக் கண்டு வெட்டும் கருவி வீடுகளில் சாதாரணமாக 30 மில்லி ஆம்பியருக்கு உள்ளது. அங்கே குளியலறைப் பிளக்குக்கு ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியரிலேயே வெட்டியாக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு நிறத்தில் இருக்கிறது. நம்மிடம் கறுப்பு ஒயர் என்றால் நியூட்ரல். அங்கே நியூட்ரல் வெள்ளை. கறுப்பில்தான் கரண்ட் வரும். கிடங்கு வேலையை விட்டு வந்து ஹெல்ப்பராக நின்ற முதல் வாரத்தில், பதினொரு ஆண்டுப் பழக்கத்தில் தம்பியின் கை தானாகவே கறுப்பை நோக்கிப் போயிருக்கிறது. பக்கத்தில் நின்ற மூத்த தொழிலாளி கையைத் தட்டிவிட்டார். "அன்றைக்கு அவர் அங்கே இல்லையென்றால் இந்தக் கடிதம் இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

ஆகவே அந்த நாட்டார் தேர்வு வைப்பதை நாம் குறை சொல்ல மாட்டோம். மின்சாரம் தெரிந்தவன், தெரியாதவன் என்று பார்த்துத் தாக்குவதில்லை. ஓர் எலக்ட்ரீசியனின் தவறு அவனோடு முடிவதுமில்லை. அந்த வீட்டில் தூங்குகிற குழந்தைவரை போகிறது. தங்கள் விதிப் புத்தகத்தைப் படித்துத் தேறிய பிறகு தொடு என்று ஒரு நாடு சொன்னால் அது நியாயமே. இங்கும் அப்படிக் கண்டிப்பாக இருந்தால் எத்தனையோ தீ விபத்துகள் நடந்திரா.

நம் வழக்கு தேர்வைப் பற்றியது அன்று. தேர்வு மண்டபத்தின் வாசலிலேயே அவர் நிறுத்தப்பட்டாரே, அதைப் பற்றியது.

ஒன்பதாயிரம் மணி

ஒன்டாரியோவில் கட்டட எலக்ட்ரீசியன் வேலை, சான்று கட்டாயமான தொழில்களில் ஒன்று. தகுதிச் சான்று பெற்றவரோ பதிவு செய்த அப்ரண்டிஸோ அல்லாதார் அதில் கை வைக்கக் கூடாது. அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர் வேலையும் வகுப்புமாக 9,000 மணி நேரம் முடிக்க வேண்டும். வேறு நாட்டில் தொழில் பழகியவருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பழைய அனுபவத்தை மணிக்கணக்கோடு நிரூபித்தால் அப்ரண்டிஸாக உட்காராமல் நேரே தேர்வு எழுதலாம். 2022 முதல் இதைக் கவனிப்பது ஸ்கில்டு டிரேட்ஸ் ஒன்டாரியோ என்ற அமைப்பு. தேர்வில் 70 விழுக்காடு பெற்றுத் தேறினால் ரெட் சீல் என்னும் முத்திரையும் கிடைக்கும். கனடாவின் மற்ற மாகாணங்களிலும் அதற்கு மதிப்புண்டு.

இனி நம் தம்பியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 9 மணி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,700 மணி. பதினொரு ஆண்டில் 29,700 மணி. அவர்கள் கேட்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! மூன்று பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தாலும் மூவரும் தேர்வு மண்டபத்துக்குள் போகலாம்.

ஆனால் இருபத்தொன்பதாயிரத்து எழுநூறு மணியில் அவரால் நிரூபிக்க முடிந்தது எவ்வளவு? ஒன்றுமில்லை.

அவர்கள் கேட்டது பெரிய பொருள் அல்ல. முதலாளியின் கடிதத் தாளில் ஒரு கடிதம்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம், கீழே கையெழுத்து. தம்பி இங்கே மூன்று கான்ட்ராக்டர்களிடம் வேலை பார்த்தவர். முதலாமவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்; எங்கே என்று தெரியவில்லை. இரண்டாமவர் மூன்று வரி எழுதிக் கொடுத்தார்: "எங்களிடம் வேலை பார்த்தார், நல்ல ஒழுக்கமுள்ளவர்." தேதி இல்லை, வேலை இல்லை, மணி இல்லை. கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போகும்போது அந்தக் கடிதம் உதவக்கூடும்.

மூன்றாமவரிடம்தான் ஏழு ஆண்டுகள். அவர் தமிழர். தம்பியின் அண்ணன் நேரில் போய்க் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "ஏழு வருஷம் என்று நான் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு ஏழு வருஷத்து பி.எஃப். எங்கே, கிராஜுவிட்டி எங்கே என்று வந்து நிற்பீர்கள். என்னை என்ன விவரமில்லாதவன் என்று நினைத்தாயா?"

தோழர்களே, இந்தப் பதிலை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். முழு விஷயமும் இதற்குள் இருக்கிறது.

ஒயரிங் வேலைக்காரனுக்குக் காகிதம் கொடுக்காதது அலட்சியத்தால் அல்ல. எழுதத் தெரியாததாலும் அல்ல. ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தால் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் கிராஜுவிட்டி என்று 1972-இல் சட்டம் வந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1952-இல், சேமநிதிச் சட்டம் வந்தாயிற்று. இந்தப் பணத்தைக் கொடுக்காமல் இருக்க ஒரே வழி, ஆள் வேலை பார்த்ததற்கே அடையாளம் இல்லாமல் செய்வது. பையில் கூலி, கையில் ரொக்கம், ஏட்டில் வெறுமை. இங்கே பணத்தைப் பிடுங்குவதற்காக மறைக்கப்பட்ட அதே கணக்குத்தான் கடல் கடந்தும் போய் அவருடைய தொழிலையும் பிடுங்கியிருக்கிறது.

தகரப் பெட்டியில் இருந்த அட்டை

இதை எழுதுகிறவன் ரயில்வேயில் எழுத்தர்; மெட்ரிக்குலேஷனோடு படிப்பு முடிந்தது. நாள் முழுவதும் மேசையில் கிடப்பவை சர்வீஸ் ரெஜிஸ்டர்கள். பிறந்த தேதி, சேர்ந்த தேதி, எடுத்த விடுப்பு, ஏறிய சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு பக்கம் கிழிந்தால் ஒரு மனிதனின் ஓய்வூதியத்தில் ஓட்டை விழும். ஆகவே காகிதத்தின் அருமை நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற மூத்த தோழர்கள் ஒரு கதை சொல்வார்கள். ரயில்வே கட்டுமான வேலைகளில் ஆண்டுக்கணக்கில் தற்காலிகக் கூலிகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்காக இந்தர் பால் யாதவ் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 360 நாள் தொடர்ந்து வேலை செய்தவர்களுக்குத் தற்காலிக ஊழியர் நிலை தர வேண்டும் என்பது அதன் பயன். ஆனால் 360 நாளுக்கு யார் சாட்சி? தினக்கூலி அட்டைதான் சாட்சி. அந்த அட்டையைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருந்தவர் வேலை பெற்றார், பிறகு ஓய்வூதியமும் பெற்றார். அவரோடு அதே மண்ணை அதே கூடையில் சுமந்தவர், மழையில் அட்டை ஊறிப் போனதால், கடைசிவரை கூலியாகவே கிடந்து செத்தார். இருவர் சிந்திய வேர்வையிலும் வித்தியாசம் இல்லை.

தம்பியின் கடிதத்திலும் இதைப் போல ஒரு செய்தி இருக்கிறது. அங்கே அவருக்குக் கைகொடுத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து போன ஒரு மூத்த எலக்ட்ரீசியன். விதிப் புத்தகத்தை இரவல் தந்தவர், அப்ரண்டிஸ் பதிவேட்டில் அன்றன்றைய மணியை அன்றன்றே எழுது என்று கண்டித்தவர் அவர்தான். அவரும் ஒரு காலத்தில் முதலிலிருந்து தொடங்கியவரே. அவருடைய சான்றுகள் ஊரில் வீட்டோடு எரிந்து போயின. அவர் காகிதத்தை எரிக்க ஒரு யுத்தம் வேண்டியிருந்தது. நம் தம்பியின் காகிதத்தை அழிக்க ஒரு கான்ட்ராக்டரே போதுமானவராக இருந்தார்!

சட்டம் என்ன சொல்கிறது?

ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இல் வந்தது. 1971-ஆம் ஆண்டு மத்திய விதிகள், ஆளைச் சேர்த்த மூன்று நாளுக்குள் வேலை அட்டை கொடுக்க வேண்டும், வேலை முடிந்து அனுப்பும்போது சர்வீஸ் சான்று கொடுக்க வேண்டும் என்றன. வேறு மாநிலத்திலிருந்து கான்ட்ராக்டர் மூலம் வந்த தொழிலாளிக்குப் படம் ஒட்டிய பாஸ் புத்தகம் தர வேண்டும் என்றது 1979-ஆம் ஆண்டுச் சட்டம். ஐம்பது ஆண்டுகளாக இவை ஏட்டில் இருந்தன. நம்மில் எத்தனை பேர் அந்த அட்டையைக் கண்ணால் கண்டோம்?

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. வேலையில் சேரும்போது நியமனக் கடிதம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது, இதை வரவேற்கிறோம். அனுபவச் சான்றும் தர வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் தொழிலாளி கேட்டால் தர வேண்டும்! முன்பு கான்ட்ராக்டர் தாமாகக் கொடுக்க வேண்டியதை இனி நாம் கேட்டு வாங்க வேண்டும். அதோடு, ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி முன்பு இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தியது. இப்போது ஐம்பது பேருக்கு உயர்த்தப்பட்டிருக்கிறது. எட்டுப் பேரையும் பன்னிரண்டு பேரையும் வைத்து ஒயரிங் எடுக்கும் சின்னக் கான்ட்ராக்டர்கள்தான் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முதலாளிகள். அவர்களை இந்த வலை பிடிக்காது. பெரிய மீனுக்கு ஒரு வலை, சின்ன மீனுக்கு ஓட்டை என்று பின்னியிருக்கிறார்கள். இதை எதிர்த்துத் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து குரல் கொடுப்பது நம் கடமை.

கனடாவின் பக்கம் குறையே இல்லையா? உண்டு. குடியேற வாருங்கள் என்று படிப்பையும் தொழிலையும் எண்ணி அழைத்துவிட்டு, வந்து இறங்கியவரிடம் "கனடிய அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்பது அங்கே முதலாளிகளின் பழைய வழக்கம். ஒன்டாரியோவின் மனித உரிமை ஆணையமே 2013-இல் அப்படிக் கேட்பதை முகத்தோற்றத்திலேயே பாகுபாடு என்று சொல்லும் நிலை வந்தது. "மதராசி" என்று விரட்டப்பட்ட காலத்தை இந்த நகரத்தில் தாண்டி வந்த நமக்கு அந்தக் கேள்வியின் உள்ளர்த்தம் புரியாமல் போகாது. ஆனால் அங்குள்ள அநியாயத்தை எதிர்த்து வாதாடவும் கையில் ஒரு காகிதம் வேண்டுமே! அதை இங்கேதான் வாங்க வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை. "கனடாவில் எலக்ட்ரீசியன் வேலை, எட்டு லட்சம் கொடு" என்று சொல்லும் ஏஜென்டுகள் நம் சந்துகளிலும் நுழைந்துவிட்டார்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் என்று விதி வகுத்தது. ஆளை வரவழைக்கும் அனுமதிக்காகக் கனடிய முதலாளி அரசுக்குக் கட்டும் 1,000 டாலரையும் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. அதற்கு மேல் கேட்பவன் வேலை விற்கவில்லை, ஆளை விற்கிறான்.

இனி என்ன செய்யப் போகிறோம்?

இந்த மாதம் முதல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு நம் மன்றத்தில் ஒரு மேசை போடப்படும். வெளிநாடு போகிறவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்த நகரத்திலேயே கிடந்து இங்கேயே கண் மூடப் போகிறவருக்கும் கிராஜுவிட்டி வேண்டும், சேமநிதி வேண்டும், நலவாரிய உதவி வேண்டும்.

மேசையில் என்ன நடக்கும்? அனுபவச் சான்று கேட்டு கான்ட்ராக்டருக்கு எழுத்தில் விண்ணப்பம் எழுதித் தருவோம். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் மாதிரி தயாராக இருக்கிறது. வாயால் கேட்டால் காற்றோடு போகும். பதிவுத் தபாலில் கேட்டால் ரசீது நிற்கும். சான்றில் "ஒயரிங் வேலை" என்று ஒரு சொல்லோடு விடாமல், குழாய் பதித்தது, பேனல் பொருத்தியது, எர்த் போட்டது, மோட்டார் இணைத்தது என்று வேலை வேலையாகவும், தேதியும் மணியுமாகவும் எழுதச் சொல்வோம். சேமநிதிக் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்வோம். ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் தருவோம். அன்று எந்தக் கட்டடம், என்ன வேலை, எத்தனை மணி என்று அன்றிரவே அதில் எழுத வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்டால் நல்லது. போடாவிட்டால் பக்கத்தில் வேலை செய்தவர் போடட்டும். வெறுங்கையைவிட அது மேல்.

கடைசியாக நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சான்று கொடுக்க மறுத்த அந்த மூன்றாமவர் நம் பொங்கல் விழாவுக்கு ஆண்டுதோறும் நன்கொடை கொடுப்பவர். அவருக்கும் இதே மன்றத்தில் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். இந்தத் தலையங்கத்துக்குப் பிறகு அடுத்த பொங்கலுக்கு அந்த நன்கொடை வராது. பந்தலைச் சிறிதாகப் போடுவோம். நம் பிள்ளையின் ஏழு ஆண்டு உழைப்பை விழுங்கியவர் கொடுத்த பணத்தில் தமிழர் திருநாள் கொண்டாடிவிட்டு, தமிழர் ஒற்றுமை என்று பேச இனி நமக்கு வாய் வராது. மனம் மாறி அவர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் முதல் வரிசையில் அவருக்கு நாற்காலி உண்டு.

தம்பி கடிதத்தை இப்படி முடிக்கிறார்: "இங்கே தினமும் மணி எழுதுகிறேன், அண்ணாச்சி. இன்றோடு இரண்டாயிரத்து நூறு. முடித்துவிடுவேன். ஆனால் அடுத்து கிளம்புகிற பையனுக்கு மாலை வாங்கும் காசில் ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள்."

அனுப்புவோம். வரும் ஞாயிறு கையில் என்ன காகிதம் இருக்கிறதோ அதோடு வாருங்கள். ஒன்றும் இல்லாதவர்கள் கட்டாயம் வாருங்கள்.